விதைத்தவர் சி.எஸ்.

ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரை அடுத்த நல்லேப்பிள்ளிதான் என் ஊர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், வயிறு பிழைக்க வந்தது டில்லி. வயது எண்பது ஆகிவிட்டது. சென்ற முறை போனபோது மகன் சொன்னான்: "அப்பா, அந்த ரெண்டு ஏக்கரை யாருக்காக வெச்சிருக்கீங்க? வித்துடலாம்." பதில் சொல்லாமல் வரப்பில் போய் உட்கார்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் ஒரு மனிதரை நினைவுக்குக் கொண்டு வந்தது. அவரைப் பற்றி நம் சங்க மலரில் எழுதவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அமரர் சி. சுப்பிரமணியம் அவர்கள் எங்கள் ஊருக்குக் கிழக்கே, பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1952 முதல் பத்து ஆண்டுகள் சென்னை மாநில அமைச்சர். அந்நாளில் காமராஜர் ஆட்சியில் உருவானதுதான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். மேற்கே ஓடும் ஆறுகளின் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்துக் கிழக்கே கொங்கு நாட்டின் வறண்ட நிலத்துக்குக் கொண்டு போகும் திட்டம் அது. அதை முன்னின்று நடத்தியவர்களில் சி.எஸ். ஒருவர்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைப் பற்றி ஓயாத வழக்கு உண்டு. பெரியப்பா சொல்வார்: "நம்ம பக்கம் ஓடற தண்ணியைக் கெழக்கே திருப்பிட்டாங்க. அதுவும் நம்ம பாசை பேசற ஆளு!" அப்பா மெதுவாகப் பதில் சொல்வார்: "இல்லீங்கண்ணா. அணை இல்லாத காலத்துல மாசி, பங்குனியில ஆத்துல மணல்தானே இருந்துச்சு? இப்ப கணக்குப் பேசியாச்சும் தண்ணி வருதுங்களே."

அந்தக் கணக்கு 1970 மே 29 அன்று இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குக் கொடுக்கவேண்டும். அதுதான் சித்தூர்ப் புழையில் இறங்கி எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்கு வருகிறது. தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் பெரியப்பாவின் கட்சி ஓங்கும். வாய்க்கால் நிறைந்த ஆண்டில் அப்பாவின் கட்சி. இருவரும் காலமாகிவிட்டார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை.

நான் 1966-ல் வடக்கே ஒரு விதைப் பண்ணையில் களப்பணியாளாகச் சேர்ந்தபோது, அதே சி.எஸ். மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்தார். அவரை நேரில் பார்த்துப் பேசும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அமைச்சர் முதல் மண்வெட்டி பிடித்தவன் வரை ஒரே வேலையில் இருக்கிறோம் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அந்த வகையில் அவர் எனக்குத் தலைவர். சக ஊழியரும் கூட.

அன்றைய நிலையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை. சி.எஸ். வேறு வழி தேடினார். விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும், விவசாயத் துறைச் செயலாளர் பி. சிவராமனும் துணை நின்றார்கள். நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைரக மெக்சிகோ கோதுமையைக் கொண்டுவர முடிவாயிற்று. அந்நியச் செலாவணி வீணாகும், பணக்கார விவசாயிக்கே பயன்படும் என்று எதிர்ப்பு வலுத்தது. அவர் பின்வாங்கவில்லை. டில்லியில் தமக்குக் கொடுத்த பங்களாவின் புல்தரையை உழுது அந்தக் கோதுமையை விதைத்தார். உழவர்களின் சொந்த வயலிலேயே விளைவித்துக் காட்டச் செய்தார். 1966-ல் 18,000 டன் விதை கப்பலேறி வந்தது.

எங்கள் வேலை விதையைக் கொடுப்பதோடு முடியவில்லை. பழைய நெட்டை ரகத்துக்கு உரம் அதிகம் போட்டால் பயிர் சாய்ந்துவிடும், இது சாயாது. ஆனால் நெட்டை ரகத்தைப் போல ஆழமாக விதைத்தால் முளைக்காது. இரண்டு அங்குலம்தான் ஆழம். மூன்று வாரத்தில் முதல் தண்ணீர் கட்டாயம். இதைச் சொல்ல வயல் வயலாக நடந்தோம். என் இந்தியைக் கேட்டுச் சிரித்த விவசாயிகள், கதிரைப் பார்த்த பிறகு பால் கொடுத்து உபசரித்தார்கள். தானியம் சிவப்பாக இருந்ததால் ரொட்டிக்குப் பிடிக்கவில்லை என்ற குறையும் பின்னால் கல்யாண் சோனா போன்ற ரகங்களால் தீர்ந்தது.

இங்கேதான் என் மனதைத் தொட்ட செய்தி இருக்கிறது. 1967 பொதுத் தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் சி.எஸ். தோற்றார், பதவி போயிற்று. அடுத்த ஆண்டுதான் பெரிய அறுவடை. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் சுமார் 1.65 கோடி டன்னாயிற்று. 1968-ல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். விதைத்தவர் அப்போது அமைச்சர் நாற்காலியில் இல்லை. பரம்பிக்குளம் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அவர் எந்த அரசிலும் இல்லை. பின்னர் மீண்டும் மத்திய அமைச்சரானார்; 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநராக இருந்தார்; 1998-ல் பாரத ரத்னா பெற்றார்; 2000 நவம்பர் 7 அன்று காலமானார்.

அவர் செய்ததெல்லாம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டது. உரமும் மருந்தும் மண்ணைக் களைப்பாக்கின. எங்கள் சித்தூர் வட்டாரமும், அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுத்த இடமாகப் பல ஆண்டுகள் அரசுக் கணக்கில் இருந்தது. இவற்றைச் சரிசெய்வது அடுத்தடுத்து வந்தவர்களின், அதாவது நம் போன்றவர்களின், கடமை. அன்று பசித்திருந்த நாட்டுக்கு அவர் செய்தது என்ன என்பதை மறந்துவிட்டுக் குறை சொல்வது நியாயமாகாது.

வரப்பில் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி மகன் வந்தான். இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். "அறுவடை பார்க்காமலே விதைச்சிருக்காரு, இல்லீங்களாப்பா?" என்றான். நிலத்தைப் பற்றி அன்று அவன் மறுபடி பேசவில்லை. இப்போது என் தம்பி மகன் அதில் நெல் வைத்திருக்கிறான். நாளை என்ன ஆகுமோ, தெரியாது.

விடுமுறையில் ஊருக்குப் போகும் நம் சங்கக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொள்ளாச்சிப் பக்கம் போனால் ஆழியாறு அணையோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளை மணக்கடவுக்கும் அழைத்துப் போங்கள். இரண்டு மாநிலத்து வயல்களும் ஒரே தண்ணீரைக் குடிப்பதை அவர்கள் பார்க்கட்டும். தட்டில் இருக்கும் சப்பாத்திக்குப் பின்னால் ஒரு கொங்கு நாட்டுத் தமிழரும் இருக்கிறார் என்று அங்கே நின்று சொல்லுங்கள்.