இரண்டாவது பாட்டிலைத் திறக்காதீர்கள்

போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் குளியலறை கறைபடாமல் இருக்காது. குழாயடியில் வெள்ளையாக உப்பு ஏறும். தண்ணீர் சொட்டும் இடத்தில் செம்பழுப்பாகக் கோடு விழும். மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை படரும். பண்டிகை நெருங்கும்போதோ வாடகை வீட்டைக் காலி செய்யும்போதோ இத்தனையையும் ஒரே நாளில் போக்கிவிடப் பார்க்கிறோம். முதலில் ஆசிட் ஊற்றுகிறோம். கறை போகவில்லை என்றால் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறோம். உயிருக்கு ஆபத்து அந்த இரண்டாவது பொருளில்தான் இருக்கிறது.

கலந்தால் என்ன ஆகும்?

பிளீச்சிங் பவுடரிலும் திரவ பிளீச்சிலும் இருப்பது ஹைப்போகுளோரைட். அதன் மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். கடையில் வாங்கும் ஆசிட் மட்டுமே அமிலம் என்று நினைக்க வேண்டாம். கழிவறைக் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கிறது. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலங்களே. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனருடன் பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு உருவாகும்.

குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தரையை ஒட்டியே தங்கும். குந்தி உட்கார்ந்து தரை தேய்ப்பவரின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கூரையை ஒட்டி மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் நம்பிக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. முதலில் கண் எரியும், தொண்டை கமறும், இருமல் வரும். அதிகமாகச் சுவாசித்துவிட்டால் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கறைக்கு ஏற்ற மருந்து

வெள்ளை உப்புக் கறைக்கு, கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்துக் கறை மேல் 20 நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். துருக்கறைக்கும் இதுவே நல்லது. துருவின் மேல் பிளீச் போட்டால் இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடையும். கறை போகாது, இன்னும் அழுத்தமாகப் பதியும்.

பூஞ்சைக்கு மட்டும் நீர்த்த பிளீச். அதுவும் அமிலம் பயன்படுத்திய நாளில் வேண்டாம். நன்றாகக் கழுவிவிட்டு வேறொரு நாளில்.

மொசைக், மார்பிள், சிமெண்ட் தரையில் ஆசிட் ஊற்றினால் நுரை பொங்கும். அழுக்கு கரைவதாக நினைத்து மகிழ்கிறோம். உண்மையில் கரைவது தரைதான். இவற்றில் எலுமிச்சை உப்பும் வேண்டாம். சோப்பு நீர் போதும். பழைய வார்ப்பிரும்பு பாத்டப்பின் எனாமல் பூச்சையும் கடும் ஆசிட் அரித்துவிடும். பளபளப்பு போய்ச் சொரசொரத்த இடத்தில் அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும்.

எதைப் பயன்படுத்தினாலும் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். கையில் ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்.

உங்கள் உரிமை

தெருவில் சைக்கிளில் வரும் ஆசிட், பினாயில் பாட்டில்களில் பெரும்பாலும் லேபிளே இருக்காது. விலை குறைவுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கடுமையானது என்று உங்களுக்கும் தெரியாது, நாளை சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தெரியாது. பாதிப்பு வந்தால் யார் மீது புகார் கொடுப்பது? பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், விலை, புகார் தொடர்பு ஆகியவை பாட்டிலில் இருக்க வேண்டும். அவை இல்லாததை வாங்காதீர்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

ஆசிட் வீச்சுக் கொடுமையை ஒட்டி 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குபவர் விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். முகவரியுள்ள அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

பொருளின் குறைபாட்டால் பாதிக்கப்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் தயாரிப்பாளரிடமும் விற்பனையாளரிடமும் இழப்பீடு கோரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பல வீடுகளில் இந்த வேலையைச் செய்பவர் வீட்டுப் பணிப்பெண். கையுறை வாங்கித் தருவதும், எதை எதோடு கலக்கக் கூடாது என்று சொல்வதும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர் பதிந்திருந்தால் விபத்து நிதியுதவிக்கு வழி உண்டு. பதியாதவருக்கு நீங்கள் உதவுங்கள்.

விபத்து நேர்ந்தால்

நெடி ஏறினால் எதையும் அள்ளிக்கொண்டிருக்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது புண்ணாக்கிய திரவம் ஏறும்போதும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற இலவச எண்ணில் ஆலோசனை தருகிறது.

குழந்தைகள் விழுங்காமல் தடுப்பதும் நம் கையில்தான். ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். இன்றே உங்கள் குளியலறை அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படியுங்கள். பெயர் தெரியாததை உபயோகிக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரே ஒரு பொருள் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.