புழங்காத டாலரும் சொந்தப் பதக்கமும்

அமெரிக்காவின் ஒரு டாலர் நாணயம் கடைகளில் கைமாறுவது அரிது. ஒரு டாலர் என்றாலே அந்நாட்டவருக்குப் பச்சை நிறத் தாள்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலைகள் ஆண்டுதோறும் புதிய டாலர் நாணயங்களை வெளியிடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி நேராகச் சேகரிப்பாளர் கைக்குப் போகிறது. பணமாக வெற்றி பெறாத இந்த நாணயம் உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்பமாக நிலைத்துவிட்டது. டாலர் சேகரிக்கத் தொடங்கியவர்களில் சிலர் பின்னர்த் தாமே பதக்கம் வடிவமைக்க முனைவது இதனால்தான். கலை இரண்டிலும் ஒன்றே. சட்டமும் நோக்கமும்தான் வேறு.

அமெரிக்க நாணயச் சாலை 1792ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. நாணயத்தில் குடியரசுத் தலைவரின் முகம் இருக்கலாமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. அது மன்னராட்சி வழக்கம் என்று பிரதிநிதிகள் சபை மறுத்துவிட்டது. எனவே ஒரு பக்கம் சுதந்திர தேவியும் மறுபக்கம் கழுகும் இடம்பெற்றன. முதல் வெள்ளி டாலர்கள் 1794இல் அச்சாயின. மொத்தம் 1,758 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்கும் அதிகமான விலைக்கு ஏலம் போனது. ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் ஒரு டாலர் நாணயத்தில் ஏற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பாரிசில் லஃபாயெத் தளபதிக்குச் சிலை வைக்க நிதி திரட்டுவதற்காக 1900 என்ற ஆண்டு பொறித்து வெளியான வெள்ளி டாலர் அது. அதில் வாஷிங்டன், லஃபாயெத் இருவரின் முகங்களும் சேர்ந்து உள்ளன. அமெரிக்கா வெளியிட்ட முதல் நினைவு டாலரும் அதுவே. 50,000 அச்சிட்டார்கள், விலைபோகாத சுமார் 14,000 பின்னர் உருக்கப்பட்டன.

பழைய வெள்ளி டாலர் 38.1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 1878இல் தொடங்கிய மார்கன் டாலரும், 1921இல் வந்த அமைதி டாலரும், 1971 முதல் 1978 வரை வெளியான ஐசனோவர் டாலரும் அந்த அளவிலேயே இருந்தன. அமைதி டாலரின் சிற்பி அந்தோனி டி ஃபிரான்சிஸ்கி. சுதந்திர தேவிக்கு மாதிரியாக அமர்ந்தவர் அவருடைய மனைவி தெரசா. அந்த அகலம் சிற்பிக்குத் தாராளமான களம். ஆனால் சட்டைப்பையில் அது கனத்தது. 1979இல் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆண்டனியின் உருவத்துடன் 26.5 மில்லிமீட்டரில் புதிய டாலர் வந்தது. நிறத்திலும் அளவிலும் அது கால் டாலர் நாணயத்தை ஒத்திருந்ததால் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். நாணயம் வங்கிகளில் தேங்கியது.

அந்தக் குறையைத் தீர்க்க 2000இல் பொன்னிற டாலர் வெளியிடப்பட்டது. செம்பு நடுத்தட்டின் மேல் மாங்கனீசு கலந்த பித்தளைப் பூச்சு; 8.1 கிராம் எடை. லூயிஸ், கிளார்க் பயணக் குழுவுக்கு வழித்துணையாகப் போன ஷோஷோனி இனப் பெண் சக்ககவேயா, முதுகில் குழந்தையைச் சுமந்தபடி தோள் வழியே திரும்பிப் பார்க்கிறாள். இதைச் செதுக்கியவர் கிளென்னா குட்ஏக்கர். சக்ககவேயாவின் உண்மையான உருவப்படம் எதுவும் இல்லாததால், அதே இனத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணை மாதிரியாகக் கொண்டார். அண்மைக் காலத்து அமெரிக்க நாணயங்களில் இதற்கு நிகரான முகம் இல்லை.

2009 முதல் இந்த நாணயத்தின் பின்பக்கம் ஆண்டுதோறும் மாறுகிறது. தொல்குடியினர் நாட்டுக்கு அளித்த கொடைகளே பொருள். முதலாவதில் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்துப் பயிரிடும் முறை இடம்பெற்றது. 2016இல் போர்க்காலச் செய்திகளைத் தம் தாய்மொழியில் மறைபொருளாக அனுப்பிய வீரர்கள். 2017இல் செரோக்கி மொழிக்கு எழுத்து படைத்த செக்கோயா.

இதனிடையே 2007 முதல் 2016 வரை குடியரசுத் தலைவர் டாலர்கள் பதவி வரிசைப்படி பெரும்பாலும் ஆண்டுக்கு நான்காக வந்தன. இறந்து இரண்டு ஆண்டுகள் ஆனவர்களுக்கே இடம் என்பது சட்டம். இடைவெளி விட்டு இரு முறை ஆண்ட குரோவர் கிளீவ்லாந்துக்கு இரண்டு நாணயங்கள். 2018இல் மறைந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் நாணயம் 2020இல் சேர்ந்தது. 2018இல் தொடங்கிய அமெரிக்கப் புத்தாக்க வரிசை 2032 வரை நீளும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆட்சிப் பகுதிக்கும் ஒரு கண்டுபிடிப்பு. பென்சில்வேனியாவுக்குப் போலியோ தடுப்பூசி, மேரிலாந்துக்கு ஹப்பிள் தொலைநோக்கி, நியூயார்க்குக்கு ஈரி கால்வாய், நியூ ஹாம்ப்ஷயருக்கு வீட்டு வீடியோ விளையாட்டு என்று பொருள்கள் பலவகைப்படுகின்றன.

இத்தனை வந்தும் இவை மக்களிடம் புழங்காததற்குக் காரணம் எளிது. அரசு தாள் டாலரை நிறுத்தவில்லை. இரண்டும் கிடைக்கும்போது மக்கள் இலேசானதையே எடுத்தார்கள். கனடா 1987இல் ஒரு டாலர் நாணயத்தை வெளியிட்டு, 1989இல் தாளை நிறுத்தியது. அங்கே நாணயம் வேரூன்றியது. அமெரிக்காவிலோ கிடங்குகள் நிரம்பின. நாணயத்தைப் பரப்புவதற்காக நாணயச் சாலை அதை முகமதிப்புக்கே, அஞ்சல் செலவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தது. சிலர் கடன் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாங்கி, விமானப் பயணப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, நாணயங்களை அப்படியே வங்கியில் கட்டினார்கள். 2011 ஜூலையில் கடன் அட்டை விற்பனை நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், ஏறத்தாழ 140 கோடி டாலர் நாணயங்கள் கிடங்கில் உறங்கிய நிலையில், புழக்கத்துக்காக அச்சிடுவதையே அரசு கைவிட்டது. அன்று முதல் இவை சேகரிப்பாளருக்கென்றே அச்சாகின்றன. இவற்றைப் பணமாகவே கையாளும் நாடு ஒன்று உண்டு: 2000இல் அமெரிக்க டாலரைத் தன் நாணயமாக ஏற்ற ஈக்வடார். சக்ககவேயாவின் தேய்ந்த முகத்தைக் காண வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

மேலே சொன்ன வரிசைகளைப் புழக்க நாணயங்களின் வாரிசு எனலாம். சட்டப்படி நினைவு நாணயம் எனப்படுபவை வேறு. நாடாளுமன்றம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். முகமதிப்பு ஒரு டாலர்தான். விற்பனை விலை அதைப் போலப் பல மடங்கு. ஒவ்வொரு வெள்ளி டாலர் விலையிலும் வழக்கமாக 10 டாலர் ஓர் அறக்காரியத்துக்குப் போகிறது. 2009இல் வந்த லூயி பிரெய்ல் டாலரில் விரலால் தடவிப் படிக்கக்கூடிய பிரெய்ல் எழுத்து உண்டு. 2019இல் நிலவுப் பயணப் பொன்விழா டாலர் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த வடிவில் வந்தது. நினைவு நாணயம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்று: பொருளுக்கும் வடிவத்துக்கும் அவற்றில் உறவு இருக்கிறது.

எல்லாம் அப்படி அமையவில்லை. அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி 1995, 1996 ஆண்டுகளில் 16 வடிவங்கள் இரண்டிரண்டு தரங்களில், ஆக 32 நாணயங்கள் கொட்டப்பட்டன. வாங்குவோர் சலித்துப்போனார்கள். இதன் பின்னர்தான் 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு நினைவுத் திட்டங்களே என்ற வரம்பு வந்தது. ஆனால் அன்று விலைபோகாத சில வெள்ளி டாலர்கள் 20,000 கூட விற்காததால் பிற்காலத்தில் அரியவையாகி விலையேறின. எல்லோரும் விரும்பி வாங்கியவை பெரும்பாலும் வெள்ளியின் விலையை ஒட்டியே நிற்கின்றன. இலாபம் கருதிப் புதிய நாணயம் வாங்குவோர் இந்த உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதிய டாலர்களில் அதிக ஆவலைத் தூண்டுபவை பிழைகளே. 2000இல் ஒரு காலை உணவு நிறுவனம் தன் பெட்டிகளில் 5,500 சக்ககவேயா டாலர்களைப் போட்டு விற்றது. அவற்றுள் சிலவற்றில் கழுகின் வால் இறகுகள் மற்ற நாணயங்களைவிட நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருப்பதை 2005இல்தான் கண்டுபிடித்தார்கள். முன்மாதிரி அச்சில் அடிக்கப்பட்டவை அவை. 2000ஆம் ஆண்டு நாணயங்களில் ஒரு பக்கம் கால் டாலரின் வாஷிங்டனும் மறுபக்கம் டாலரின் கழுகுமாக அச்சு மாறிப்போன சிலவும் வெளியேறிவிட்டன. குடியரசுத் தலைவர் டாலர்களில் ஆண்டும் வாசகமும் விளிம்பில் தனி இயந்திரத்தால் பொறிக்கப்பட்டன. 2007இல் ஆயிரக்கணக்கான வாஷிங்டன் டாலர்கள் அந்த இயந்திரத்தைத் தொடாமலே வெளியே வந்தன. கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் அந்த விளிம்பில்தான் இருந்ததால் பெரும் பரபரப்பு எழுந்தது. 2009 முதல் அந்த வாசகம் முகப்புக்கே வந்துவிட்டது.

ஆண்டு விளிம்பில் இருப்பதால் சேகரிப்பாளருக்கு ஒரு தொல்லை உண்டு. துளையிட்ட அட்டை ஆல்பத்தில் வைத்தால் ஆண்டும் நாணயச் சாலைக் குறியும் மறைந்துவிடும். விளிம்பு தெரியும் கண்ணாடி போன்ற உறைகளே இவற்றுக்கு ஏற்றவை. மாங்கனீசுப் பித்தளை விரல் ஈரத்தால் விரைவில் கறுக்கும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசுக்கை விட்டுவிடும். எந்த நாணயத்தையும் துலக்கக் கூடாது. ஒருமுறை தேய்த்தாலும் மதிப்பு போய்விடும். மெருகிட்ட அச்சுகளால் மெருகிட்ட தகட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிக்கப்படுபவை ‘புரூஃப்’ நாணயங்கள். வெளி கண்ணாடியாகவும் உருவம் பனி படர்ந்தது போலவும் இருக்கும். சிற்பத்தைப் பார்ப்பதற்கென்று வாங்குபவர் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

நாணயத்தின் வடிவத்தை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை. நாடாளுமன்றச் சட்டம், நாணயச் சாலையின் கலைஞர்கள், 2003இல் அமைந்த குடிமக்கள் ஆலோசனைக் குழு, நுண்கலை ஆணையம், கருவூலச் செயலர் என்று பல படிகளைக் கடந்தே அது அச்சுக்குப் போகிறது. கட்டாய வாசகங்களும் பல. பதக்கத்தில் இந்தத் தளைகள் இல்லை. 1438 வாக்கில் இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானுக்கு வார்த்த பதக்கத்தோடு இந்தக் கலை மறுமலர்ச்சிக் காலத்தில் தொடங்கிற்று. அமெரிக்க விடுதலையைக் கொண்டாட பெஞ்சமின் பிராங்கிளின் பாரிசில் ஒகுஸ்தான் துப்ரேயைக் கொண்டு செய்வித்த சுதந்திரப் பதக்கம் 1783இல் வெளிவந்தது. அந்நாட்டின் முதல் நாணயங்களில் வந்த சுதந்திர தேவிக்கு முன்னோடி அதுவே. 1909 முதல் ஒரு சென்ட் நாணயத்தில் இருக்கும் லிங்கன் முகமும் விக்டர் டேவிட் பிரென்னர் என்ற பதக்கச் சிற்பியின் பலகைச் சிற்பத்திலிருந்து வந்ததே. 1930 முதல் 1995 வரை இயங்கிய பதக்கச் சிற்பிகள் சங்கம் சந்தாதாரர்களுக்கு ஆண்டுதோறும் பதக்கங்களை அனுப்பிவந்தது. பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிற்பிக்கே இருந்தது. முதல் பதக்கத்தைச் செய்தவர் லாரா கார்டின் ஃபிரேசர்.

டாலர் அளவில் தனியார் அடித்த நினைவுப் பதக்கங்களுக்கு அமெரிக்காவில் தனிச் சேகரிப்பு மரபே உண்டு. ஹிப்ளர், கேப்பன் இருவரும் 1963இல் வெளியிட்ட பட்டியல் அவற்றை ஒழுங்குபடுத்தியது. கொலராடோவின் விக்டர் நகரில் ஜோசஃப் லெஷர் 1900, 1901இல் அடித்த வெள்ளி வில்லைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநிலக் கால் டாலர்களை வடிவமைத்த டேனியல் கார், டென்வர் நாணயச் சாலை கழித்துக்கட்டிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கித் தம் சொந்தப் பதக்கங்களை அடித்து வருகிறார்.

எல்லையை மீறியவரும் உண்டு. பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் 1998 முதல் ‘லிபர்ட்டி டாலர்’ என்ற வெள்ளி வில்லைகளை டாலர் மதிப்பு பொறித்துப் புழக்கத்தில் விட்டார். 2011இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. தனியார் பதக்கத்தில் பண மதிப்போ, அரசு நாணயத்தோடு மயங்க வைக்கும் வடிவமோ இருக்கக் கூடாது. பழைய நாணயத்தின் போலியுருவம் என்றால் அது நகல் என்பதை அதன் மேலேயே பொறிக்க வேண்டும் என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டம்.

பதக்க வடிவமைப்பில் முதல் பாடம் வெற்றிடம். தொடக்கக்காரர் வட்டம் முழுதையும் நிரப்பிவிடுவார். ஓர் உருவம், ஒரு வரி, ஓர் ஆண்டு போதும். வரைந்ததை 39 மில்லிமீட்டருக்குச் சுருக்கித் தாளில் அச்சிட்டுப் பார்த்தால் எந்தக் கோடு தங்கும், எது மறையும் என்பது உடனே விளங்கும். எழுத்துகளுக்கும் இதே சோதனை. அடுத்தது ஆழம். அடி விழும்போது உலோகம் இரு பக்கமும் பாய்ந்து அச்சின் குழிகளை நிரப்புகிறது. முகப்பில் உயர்ந்த கன்னம் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் மற்றோர் உயர்ந்த உருவம் வந்தால் உலோகம் போதாமல் இரண்டும் மங்கும். நாணயம் ஒரே அடியில் உருவாக வேண்டியது. ஆகவே அதன் புடைப்பு தாழ்வாகவே இருக்கும். பதக்கத்தைச் சூடேற்றி இளக்கி மீண்டும் மீண்டும் அடிக்கலாம் என்பதால் சிற்பிக்குக் கூடுதல் உயரம் கிடைக்கிறது. 1907இல் சிற்பி செயின்ட் கோடன்ஸ் பதக்கத்துக்குரிய உயரத்தை 20 டாலர் தங்க நாணயத்தில் கேட்டபோது, பல அடிகள் தேவைப்பட்டு, புழக்க நாணயத்துக்காக அந்தப் புடைப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று.

திசையையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க நாணயத்தை மேலிருந்து கீழாகப் புரட்டினால் பின்பக்கம் நிமிர்ந்து தெரியும். பதக்கத்தைப் புத்தகத் தாள் போலப் பக்கவாட்டில் புரட்டுவதே மரபு.

முன்பெல்லாம் சிற்பி பெரிய வட்டத்தில் களிமண், சுண்ணச் சாந்து மாதிரி செய்வார். அதைச் சுருக்கு இயந்திரம் உருக்கு அச்சில் செதுக்கும். இன்று பெரும்பாலும் கணினியில் சிற்பம் செய்து நேரே அச்சு வெட்டுகிறார்கள். செலவில் பெரும்பங்கு அந்த அச்சுக்கே என்பதால் பத்துப் பதக்கம் அடித்தால் ஒவ்வொன்றும் விலை கூடும்; நூறு அடித்தால் குறையும். சில பிரதிகள் மட்டும் போதும் என்பவர் பிசனெல்லோவின் வழியில் வெண்கல வார்ப்பையே நாடலாம். நுணுக்கம் சற்றுக் குறைந்தாலும் கையின் தடம் அதில் தங்கும்.

பழைய தனியார் பதக்கங்கள் பலவற்றில் வடிவமைத்தவர் யார் என்று தெரிவதில்லை. எத்தனை அடிக்கப்பட்டன என்பதற்கும் பதிவு இல்லை. புதிதாகப் பதக்கம் செய்பவர்கள் தம் பெயரெழுத்து, ஆண்டு, உலோகத் தரம், மொத்த எண்ணிக்கை ஆகியவற்றை விளிம்பில் பொறித்துவிட வேண்டும். அடுத்த தலைமுறைச் சேகரிப்பாளர் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.