தரவுத்தளமும் அதன் துப்புரவும்

பலர் ஒருங்கே எழுதவும் படிக்கவும் இடந்தரும் தரவுத்தளத்தின்கண் இருவகைப் பணிகள் நிகழும். வினவுவோர்க்கு அப்பொழுதே விடையளிப்பது ஒன்று. அவர் காணாவண்ணம் தளத்தைச் செப்பஞ்செய்வது மற்றொன்று. பின்னதை எங்ஙனம் ஆளுதல் தக்கது என்பதைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை முன்வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1986ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்பார் தலைமையில் இது தொடங்கப்பெற்றது. இதன்கண் ஒரு வரியைத் திருத்துங்கால் பழைய வரி உடனே அழிக்கப்படுவதில்லை. புதியது வேறாக எழுதப்படும். என்னை? அவ்வேளையிற் பழையதைப் படித்துக்கொண்டிருப்பார்க்கு இடையூறு நேராதிருத்தற்பொருட்டேயாம். அவர் படித்து முடித்தபின் அவ்வரி ஒருவர்க்கும் பயன்படாது இடத்தை அடைத்துக் கிடக்கும். இத்தகையன பெருகப் பெருக, வினவல்கள் குப்பையினூடே விடை தேடவேண்டியனவாகின்றன.

இக்குப்பையை நீக்கும் பணியாளே ஆட்டோவாக்யூம் என்பது. 2005ஆம் ஆண்டில் இது தளத்தின் உள்ளுறுப்பாயிற்று. நாம் வேறு விதியாவிடின், நிமிடத்திற்கு ஒருமுறை விழித்து நோக்கும். ஓர் அட்டவணையிற் பயனற்ற வரிகள், மொத்த வரிகளில் ஐந்திலொரு பங்கோடு 50 சேர்ந்த அளவைக் கடந்தால் துப்புரவைத் தொடங்கும். சிறிது உழைத்து, 2 மில்லிசெகண்டு ஓய்ந்து, மீண்டும் உழைக்கும். இவ்வோய்வு வினவுவோர்க்கு வழிவிடுதற்கே.

அங்ஙனமாகவும், துப்புரவு நிகழும்போது விடை தாமதிப்பதைக் கண்டு, அதனை நிறுத்திவிடத் துணிவாரும் உளர். அது பெரும்பிழை. எங்ஙனமெனில், தளம் தன்கண் எழுதும் செயல் ஒவ்வொன்றிற்கும் ஒரு வரிசையெண் இடுகின்றது. அவ்வெண்கள் வரம்புடையன. பழைய எண்களைச் சீர்செய்வதும் துப்புரவின் பாற்பட்டதே. நிறுத்திவைப்பினும், 20 கோடி எண்கள் கழிந்தவுடன் அது தானே எழும். பிந்தி எழுவதாகையாற் பெருஞ்சுமையோடு வரும். அதுவும் முற்றுப்பெறாது 200 கோடியை நெருங்கின், பழையதும் புதியதும் மயங்காதிருத்தற்பொருட்டுத் தளம் எழுதுவதையே மறுத்துவிடும். 2015ஆம் ஆண்டு ஜூலையில் சென்றி என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு இதுவே நேர்ந்தது; அதன் சேவை ஒரு பணிநாளின் பெரும்பகுதி தடைப்பட்டு நின்றது.

ஆயின் செய்யத்தக்கது யாது? சிறுகச் சிறுக, அடிக்கடி துப்புரவு செய்வதே. 10 கோடி வரிகளுள்ள அட்டவணையில் ஐந்திலொரு பங்கு 2 கோடியாகும். அத்துணையும் சேருமளவும் காத்திருந்து ஒருங்கே வாரப்புகின் சுமை மிகும். அவ்வட்டவணைக்கு மட்டும் நூற்றில் ஒரு பங்கு என விதிப்பின், ஏறக்குறைய 10 லட்சத்திலேயே வேலை தொடங்கும்.

நிற்க. நள்ளிரவிற்கெனக் குறித்துவைக்கும் கணக்கறிக்கைகளையும் நாம் மறத்தலாகாது. அவற்றுள் ஒன்று மணிக்கணக்காக நீளுமாயின், அது தொடங்கியபின் கழிந்த வரிகளைத் துப்புரவுப் பணியாள் நீக்கவியலாது. அறிக்கைக்கு அவை வேண்டப்படலாமாதலின். ஆகவே எல்லா அறிக்கைகளையும் 12 மணிக்கே குறியாது வெவ்வேறு வேளைகளிற் பிரித்தலும், ஒன்று முடியுமுன் அதுவே மீண்டும் தொடங்காவாறு காத்தலும், ஒவ்வொன்றிற்கும் கால எல்லை வகுத்தலும் நன்று.

காணாப் பணியை இடையூறென ஒதுக்குவோர் முடிவிற் காணும் பணியையும் இழப்பர். அளவும் வேளையும் அறிந்து அதற்கு இடங்கொடுப்போரே இரண்டையும் காப்பவராவர்.