தீவு நடை – 9: கலலாவ், ஆள் ஒழிந்த ஊருக்கு ஒரு பாதை

ஹவாயின் கவாய் தீவைக் காரில் முழு வட்டம் சுற்றி வர முடியாது. வடக்கே ஹாயேனாவில் தார்ச்சாலை நின்றுவிடுகிறது. மேற்கே இருந்து வரும் சாலையும் மலைக்கு முன்பே முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாபாலி கரை. கடலிலிருந்து 1,200 மீட்டர் வரை நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் எரிமலைப் பாறைகள் அவை. அந்தப் பாறைகளின் இடுப்பில் ஓர் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. கே-ஏ கடற்கரையில் தொடங்கி கலலாவ் கடற்கரையில் முடியும் அதன் நீளம் 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர்.

பதினெட்டு கிலோமீட்டர்தானே என்று கிளம்புகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். வழியில் சமதளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். மழை பெய்தால் செம்மண் சேறாகிக் காலை வாரிவிடும். கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் முதுகில். வலுவானவர்கள் ஒரே பகலில் போய்ச் சேர்கிறார்கள். மற்றவர்கள் ஆறாவது மைலில் ஹனகோவாவில் ஓர் இரவு தங்கிப் போகிறார்கள். இரண்டாவது மைலில் இருக்கும் ஹனகாபியாய் பள்ளத்தாக்கைத் தாண்டவே முகாம் அனுமதிச் சீட்டு வேண்டும். அதுவும் அதிகபட்சம் ஐந்து இரவுகளுக்குத்தான்.

ஹனகாபியாய் பார்க்க அழகான இடம்; இந்தப் பாதையில் ஆளை அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பகல் நேர நடைக்காரர்கள் இதுவரை வந்து திரும்புவார்கள். காலையில் முழங்கால் அளவு ஓடையைக் கடந்து போனவர், மலைமேல் மழை கொட்டினால், திரும்பும்போது அதே ஓடையைக் கடக்க முடியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். தீவின் நடுவில் நிற்கும் வையாலேயாலே சிகரம் உலகிலேயே மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று என்பதை மறந்தால் இப்படித்தான். 2014 ஏப்ரலில் ஒரே வெள்ளத்தில் இங்கே மாட்டிக்கொண்ட 121 பேரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. அக்கரையில் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்து காத்திருப்பது. வெள்ளம் ஏறியதைப் போலவே சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். ஒரு நாள் உணவைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போவது இதற்காகத்தான்.

குடிக்கவும் அதே ஓடைத் தண்ணீர்தான். எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் கொதிக்க வைக்காமலோ வடிகட்டிச் சுத்திகரிக்காமலோ யாரும் வாயில் வைப்பதில்லை. எருவாக்கும் கழிப்பறையைத் தவிர முகாமில் வேறு வசதி கிடையாது.

மழை இந்தக் கரையின் கணக்கையே ஒருமுறை மாற்றி எழுதியது. 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில், இங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே வைபாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை பதிவானது. மில்லிமீட்டரில் 1,262. சென்னைக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அமெரிக்காவில் அதுவரை ஒரே நாளில் பதிவான மழை எதுவும் இதற்கு ஈடில்லை. சாலை சரிந்தது, பாதை மூடப்பட்டது. 2019 ஜூனில் மறுபடி திறந்தபோது ஹாயேனா பூங்காவுக்கு நாளொன்றுக்கு 900 வெளியூர்க்காரர்கள் மட்டுமே என்று வரம்பு கட்டினார்கள். அதற்கு முன்பு நெரிசலான நாட்களில் 2,000 பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர் குடும்பங்கள் பல காலமாகக் கேட்டதை ஒரு மழை வாங்கிக் கொடுத்தது.

ஏழாவது மைல் வந்ததும் பேச்சு நின்றுவிடும். தவழ்வோர் விளிம்பு என்று பெயர். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் நேரே கீழே கடல். காய்ந்த நாளில் பெயர் மிகைதான், நிமிர்ந்தே நடக்கலாம். காற்றும் ஈரமும் சேர்ந்த நாளில் பெயர் சரியாகவே இருக்கும்.

நடப்பவர்கள் வழியெல்லாம் ‘கன்னிக் காடு’ என்று வியப்பதுண்டு. மரங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது நிலைக்காது. கொய்யா, மாமரம், நம் ஊர் நாவல் மரம் மூன்றும் பிறர் கொண்டுவந்து நட்டு, பின்பு காடாய்ப் பரவியவை. நாவல் அங்கே களையாகவே கருதப்படுகிறது. ஹனகாபியாயில் பழைய காப்பி ஆலை ஒன்றின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. பாதையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகலப்படுத்தப்பட்டு, 1930களில் சில இடங்களில் செப்பனிடப்பட்டது. கலலாவுக்குள் நுழைந்தால் புதருக்கடியில் படிப்படியாகக் கல்வரப்புகள் தெரியும். ஓடைநீரைப் பாத்திகளில் தேக்கிச் சேம்பு விளைவித்த வயல்கள் அவை. ஹவாய் மக்களின் சோறு சேப்பங்கிழங்குதான். பல நூற்றாண்டுகள் ஆள் குடியிருந்த பள்ளத்தாக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெறுமையானது. இதைக் காடு என்பதைவிடக் காலியான ஊர் என்பதே பொருத்தம்.

இந்த ஊரின் பெயரை வெளியுலகம் அறிந்தது ஒரு துப்பாக்கிச் சண்டையால். தொழுநோயாளிகளை மொலோகாய் தீவின் கலாவ்பாப்பாவுக்கு நாடுகடத்தியதைச் சென்ற வாரம் பார்த்தோம். மேற்குக் கவாயைச் சேர்ந்த மாட்டுப் பண்ணைத் தொழிலாளி கோ-ஓலாவுக்கும் அந்த உத்தரவு வந்தது. மனைவி பி-இலானி கூட வரக் கூடாது என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, மனைவியோடும் சிறுவனான மகனோடும் மலை விளிம்பிலிருந்து கலலாவுக்குள் இறங்கினார். அது 1893. ராணி லிலியுவோகலானியைக் கவிழ்த்த தற்காலிக அரசு பதவியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிடிக்க வந்த துணை ஷெரிப் லூயி ஸ்டோல்ஸ் ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு பீரங்கியோடு சிப்பாய்களை அனுப்பியது. பள்ளத்தாக்கில் இருந்த மற்ற நோயாளிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இந்தக் குடும்பத்தை மட்டும் பிடிக்க முடியவில்லை. மகனும் கணவரும் நோயில் இறக்க, இருவரையும் பள்ளத்தாக்கிலேயே புதைத்துவிட்டு பி-இலானி தனியாக மலையேறி வெளியே வந்தார். அவர் சொன்ன கதை 1906இல் ஹவாய் மொழியில் அச்சானது. ஜாக் லண்டனும் இதைச் சிறுகதையாக்கினார். அதில் கோ-ஓலா தனியாகச் சாகிறார்; மனைவிக்கு இடமே இல்லை. விற்றது லண்டனுடைய கதைதான்.

தமிழர்கள் கவாய் என்றதும் நினைப்பது வேறொரு இடத்தை. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடரான சிவாய சுப்ரமுனியசுவாமி 1970இல் நிறுவிய சைவ ஆதீனம், தீவின் கிழக்கே வைலுவாவில் இருக்கிறது. அதன் கருங்கல் இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. கோயிலும் கலலாவும் ஒரே தீவில்தான்; காரில் ஹாயேனா வரை போய், அங்கிருந்து முழுப் பகல் நடந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு.

கலலாவின் பாறைச்சுவர்களில் இன்னும் சில பழைய குடிகள் மிச்சமிருக்கின்றன. ஆடுகள் எட்டாத செங்குத்தில் மட்டுமே தப்பிப் பிழைத்த செடிகள். 1991இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹிபிஸ்கடெல்ஃபஸ் வுடியை என்ற மரம், செம்பருத்தியின் உறவு. 2009க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தது என்றே எழுதிவிட்டார்கள். 2019இல் தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தினர் கலலாவில் டிரோன் பறக்கவிட்டபோது, கயிறு கட்டியும் இறங்க முடியாத ஒரு பாறை முகத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

முகாமை முடித்தவர்களுக்குத் திரும்பிப் போகவும் அதே 11 மைல்தான். மேலே கோகே-ஏயில், 4,000 அடி உயரத்தில், காரை நிறுத்திவிட்டு இதே பள்ளத்தாக்கை வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. பி-இலானி குடும்பம் இறங்கியது போல அங்கிருந்து இறங்க இன்று பாதை இல்லை. அடுத்த வாரம் அந்த விளிம்பில் தொடங்கி, அலகா-இ சதுப்புநிலத்தின் பலகைப் பாதை வழியாக.

(தொடரும்)