கடைக்கால் தோண்டும்போது

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மிற் பலர் கட்டட வேலையோடு தொடர்புடையவர்கள். பொறியாளராய், மேஸ்திரியாய், கொத்தனாராய், சித்தாளாய் நின்று அணையும் சாலையும் மாடி வீடும் எழுப்புகிறோம். அவ்வாறு கடைக்கால் தோண்டுகையில் பழஞ்சுவர் ஒன்று தட்டுப்பட்டால் நாம் செய்யத்தக்கது யாது?

செய்யத்தகாதது எது என்பதை ஹரப்பா சொல்லும். இன்று பாகிஸ்தானத்தில் உள்ள அவ்வூர் மேட்டில் நன்கு சுட்ட செங்கற்கள் குவிந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டில் லாகூர்–மூல்தான் ரயில் பாதை போட்டவர்கள், சரளைக்குப் பதிலாக அவற்றை வாரிச் சென்றனர். சுமார் 100 மைல் பாதைக்குப் போதுமான செங்கல் அங்கிருந்து போயிற்று என்று அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் குறித்து வைத்தார். அவை நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நாகரிகத்தின் சுவர்கள் என்பது, 1924இல் சர் ஜான் மார்ஷல் அறிவித்த பிறகே உலகுக்கு விளங்கிற்று. போன சுவர் போனதுதான்.

இதற்கு மாறான கதை நாகார்ஜுனகொண்டா. கிருஷ்ணா நதியின் குறுக்கே நாகார்ஜுனசாகர் அணைக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார். இக்ஷ்வாகு மன்னரின் தலைநகராகிய விஜயபுரி இருந்த பள்ளத்தாக்கு நீரில் மூழ்க வேண்டியதாயிற்று. அணையும் வேண்டும், வரலாறும் வேண்டும். ஆகவே 1954 முதல் 1960 வரை அங்கு விரிவாக அகழ்ந்தனர். பௌத்த விகாரங்கள், கோயில்கள், படித்துறை, அரங்கம் ஆகியவை வெளிப்பட்டன. முக்கியமான சிலவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து, இன்று தீவாகிவிட்ட குன்றின்மீதும் அனுப்பு என்னும் கரையோர இடத்திலும் மீண்டும் அமைத்தனர். எஞ்சியவை நீருள் மறைந்தன. எனினும் அவற்றின் அளவும் வரைபடமும் நம்மிடம் உள்ளன.

வேலை நடக்கும் இடத்தில் தொல்பொருள் அறிஞர் ஒருவரை நிறுத்துவதன் நோக்கமும் இதுவே. மண் அடுக்கடுக்காய்ப் படிவது. கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. பானை ஓடு ஒன்று எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்பதே அதன் காலத்தைக் காட்டும். எடுத்து அலமாரியில் வைத்த ஓடு பாதி ஊமை. ஆதலால் மண்ணின் நிறம் திடீரென மாறினாலும், செங்கல் வரிசையோ உறைகிணறோ தோன்றினாலும், அறிஞர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். படம் பிடித்து, அளந்து, குறித்த பின்னரே மண்ணை அகற்ற விடுவார்.

சட்டமும் துணை நிற்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம். அறிவித்தவருக்கு அச்சட்டப்படி பங்கு கோர உரிமை உண்டு. மறைத்தவர் பங்கையும் இழப்பார், தண்டனையும் பெறுவார்.

அறிஞர் எல்லாக் குழியருகிலும் நிற்க இயலாது. பெரும்பாலும் முதலிற் காண்பது மண்வெட்டி பிடித்தவரின் கண்ணே. வேலை தடைப்படுமே, கூலி போகுமே என்னும் அச்சம் இயல்பானது. ஆயினும் சில நாள் தாமதத்தைப் பின்னர் ஈடு செய்யலாம். கலைந்த மண்ணடுக்கை ஒருவராலும் மீண்டும் அடுக்க முடியாது. எனவே கருவியை நிறுத்துவோம். கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டு, மேலாளருக்குச் சொல்வோம். நாம் பிழைக்க வந்த மண்ணுக்கு நாம் செய்யும் நன்றி அது.