மலை காத்தால் மடையில் நீர் வரும்

மேலூர் வட்டம் திருவாதவூர்ப் பகுதி விவசாயிகளுக்குப் பாறைக் குன்றுகள் புதியவை அல்ல. ‘நெல் விளையாத மலையால் சம்சாரிக்கு என்ன லாபம்?’ என்று கேட்பவர்களும் உண்டு. அதே மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி இதற்கு விடை சொல்கிறது.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. அரசுக் கணக்கின்படி இங்கு 7 குன்றுகளும், 72 ஏரிகளும், சுமார் 200 இயற்கை ஊற்றுகளும் உள்ளன. சுமார் 250 வகைப் பறவைகளும், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு முதலியவையும் வாழ்கின்றன.

மலைக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பு

பாறையில் விழும் மழைநீர் சுனையிலும் ஊற்றிலும் இறங்கி, ஓடை வழியே கண்மாய்க்கு வருகிறது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய் நிறையும். சரிவில் உள்ள புதரும் மரமும் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. அவை அழிந்தால் மண் கரைந்து கண்மாய் மேடிட்டுப் போகும். மடையில் நீர் குறையும். மலையில் தங்கும் ஆந்தையும் வல்லூறும் வயல் எலிகளைப் பிடிக்கின்றன.

ஊர்க் கட்டுப்பாடு

பசிபிக் கடலில் உள்ள பலாவ் என்னும் சிறு தீவு நாட்டிலும் இதே நிலைதான். அங்கே காடு அழிந்தால் மண் கரைந்து கடலில் உள்ள பவளத் திட்டுகளை மூடிவிடுகிறது, மீன் குறைகிறது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் குறிப்பிட்ட இடங்களில் வலை போடக் கூடாது என்று அங்குள்ள ஊர்த் தலைவர்கள் தடை விதிப்பது பழைய வழக்கம். அதற்குப் ‘புல்’ என்று பெயர். இந்த வழக்கத்தைப் பின்பற்றியே, தன் கடற்பரப்பில் 80 சதவீதத்தில் மீன்பிடிப்பைத் தடுக்கும் சட்டத்தை அந்நாடு 2015-ல் இயற்றியது. 2020-ல் அது முழுமையாக அமலுக்கு வந்தது.

இது நமக்கு அந்நியமானதல்ல. மேலூர்ப் பக்கத்தில் பல ஊர்களில் கண்மாய் வற்றும் வரை மீனைத் தொடாமல் காத்து, குறித்த நாளில் ஊரே இறங்கிப் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. கோயில் காட்டில் அரிவாள் வைக்காத வழக்கமும் இத்தகையதே.

அறிவிப்பு மட்டும் போதாது

2024 நவம்பரில் மேலூர்ப் பகுதியில் சுமார் 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமைக்கான ஏலத்தின் முடிவு வெளியானது. பாரம்பரியத் தலமும் அந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது. கிராம சபைகள் எதிர்த்தன. 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலம் சென்றனர். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர் விழிப்பாக இருந்ததால்தான் மலை தப்பியது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். தங்கள் ஊரில் குழு செயல்படுகிறதா என்று கிராம சபையில் கேட்டறிய வேண்டும்.

2. ஊரில் உள்ள நாட்டு விதை, மரம், மூலிகை, மீன், பறவை, ஊற்று ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். பெரியவர்களுக்குத் தெரிந்தவை அவர்களோடு மறைந்துவிடக் கூடாது.

3. நெல் வயலில் ஏக்கருக்கு 16 முதல் 20 பறவைத் தாங்கிகள் நடலாம். பயிருக்கு ஓரடி மேலே குறுக்குக் குச்சி இருக்க வேண்டும். பகலில் கரிச்சான் குருவி புழுக்களையும், இரவில் ஆந்தை எலிகளையும் பிடிக்கும். கதிர் வந்ததும் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும்.

4. எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகக்கூடும். வரப்பைக் குறுக்கி, தஞ்சாவூர் வில்பொறி வைப்பதே நல்லது.

5. ஓடையையும் வரத்துக் கால்வாயையும் ஆக்கிரமிக்காமல் காக்க வேண்டும்.

பாரம்பரியத் தலமாக அறிவித்தால் மேய்ச்சலும் சாகுபடியும் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஊரார் தாங்களாக ஏற்பவை தவிர, நெடுநாள் வழக்கங்களுக்குத் தடை விதிப்பது இதன் நோக்கமல்ல. திருவாதவூர் விவசாயிகளும் தங்கள் குன்றையும் கண்மாயையும் இப்போதே பதிவேட்டில் ஏற்றி வைத்தால், பின்னர் ஆபத்து வரும்போது அதுவே கையில் உள்ள ஆதாரமாக உதவும்.