வேட்டையில் கிடைத்தது யாருக்கு?
கைபேசி விளையாட்டிலும் ஒரு பங்கு வழக்கு!

மட்டாஞ்சேரி பஜாரை ஒட்டிய சந்துகளிலும் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தின் அருகிலும் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் தமிழ் இளைஞர்களுக்கு, முன்பு வேலை முடிந்ததும் இரண்டே பொழுதுபோக்குகள். ஒன்று சினிமா, மற்றொன்று சீட்டுக் கட்டு. சீட்டுக் கட்டின் இடத்தை இப்போது கைபேசி பிடித்துக்கொண்டுவிட்டது. நாலு பேர் நாலு பாயில் படுத்தபடி, "டேய், அந்தத் துப்பாக்கி எனக்குடா!" என்று நள்ளிரவில் கத்துகிறார்கள். பக்கத்து அறை குமாஸ்தாவுக்குத் தூக்கம் போகிறது.

அந்தச் சத்தத்தில் பாதிக்கு மேல் எதிரியைப் பார்த்துப் போடுவதல்ல. சொந்தக் கோஷ்டிக்காரனைப் பார்த்துப் போடுவது! எல்லாம் பங்குத் தகராறு.

ஆட்டம் என்ன?

பப்ஜி என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. விமானத்திலிருந்து நூறு பேர் பாரசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் கிடையாது. காலி வீடுகளில் புகுந்து துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். இதற்கு 'லூட்' என்று பெயர். நாலு பேர் ஒரு குழு. கடைசி வரை உயிரோடு இருக்கும் குழுவுக்கு வெற்றி.

ஒரு வீட்டில் ஒரே ஒரு நல்ல துப்பாக்கிதான் கிடக்கிறது. அது யாருக்கு? ஓடிப்போய் முதலில் கை வைத்தவனுக்கா? தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடத் தெரிந்தவனுக்கா? விளையாட்டு இதற்குப் பதில் சொல்லாது. முதலில் எடுத்தவன் பைக்குள் போட்டுக்கொள்ளும். ஆகவே ஆடுகிறவர்களே சில மரியாதைகளை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். எதிரியை வீழ்த்தியவனுக்கே அவன் பெட்டியைத் திறக்கும் முதல் உரிமை. தோழன் அடிபட்டுத் தவழ்ந்துகொண்டிருக்கும்போது பெட்டியைக் கிளறுவது பெரும் பாவம்; முதலில் அவனைத் தூக்கிவிட வேண்டும். மருந்து இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். எட்டு மடங்கு தூரம் காட்டும் கண்ணாடியைக் குறி பார்க்கத் தெரியாதவன் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால், குழு தோற்ற பிறகு அவனுக்கு அறையில் நல்ல பூசை காத்திருக்கிறது.

வெட்சியார் கண்ட வழி

இது புதிய வழக்கு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் வெட்சித் திணையிலேயே இதற்கு ஒரு துறை ஒதுக்கியிருக்கிறது. 'பாதீடு' என்பது அதன் பெயர். பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வந்த வீரர்கள் அதைத் தமக்குள் பிரித்துக்கொள்வதுதான் பாதீடு. அதை அடுத்து உண்டாட்டு, கொடை என்று துறைகள் வருகின்றன.

புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. பகைவர் இருப்பிடத்தை வேவு பார்த்துச் சொன்ன ஒற்றனுக்கு மிகுதியாகக் கொடுப்பதற்குப் 'புலனறி சிறப்பு' என்று ஒரு துறை. சகுனம் பார்த்துச் சொன்னவனுக்குக் கொடுப்பதற்கு இன்னொரு துறை. வாள் பிடித்தவனுக்கு மட்டுமல்ல, தகவல் சொன்னவனுக்கும் பங்கு உண்டு! "மாடியில ரெண்டு பேர் இருக்கான்" என்று கண்டு சொல்லிவிட்டு, குண்டடி பட்டு வீழ்கிற பையனை நம் இளைஞர்கள் இந்த அளவுக்கு மதிப்பதாகத் தெரியவில்லை.

சாப்பா எறிந்த காலம்

மரியாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டாஞ்சேரி நேரிலேயே பார்த்திருக்கிறது. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலை கொடுத்த விதம் கொடுமையானது. கூடி நிற்கும் தொழிலாளர்கள் நடுவே மூப்பன் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளை அள்ளி எறிவான். விழுந்து, மிதித்து, அடித்துப் பிடுங்கி எவன் கைக்கு வில்லை வருகிறதோ அவனுக்கு அன்று வேலை, அவன் வீட்டில் அன்று அடுப்பு எரியும். நேற்று தோளோடு தோள் மூட்டை தூக்கியவனே இன்று எதிரி. ஒற்றுமையாக நின்று கூலி கேட்க அவர்களுக்கு ஏது நேரம்? முதலாளிமார்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

இதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆண்டணி என்ற மூன்று தொழிலாளர்களின் உயிரை அந்தப் போராட்டம் பலி கொண்டது. 2023-ல் வந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்தக் கதைதான். பின்னாளில் பெயர்ப் பதிவும் முறை வைத்து வேலை கொடுப்பதும் வந்து, சாப்பா ஒழிந்தது.

படகின் கணக்கு

பங்கு பிரிப்பதில் நாம் பாடம் கேட்க வேண்டிய இடம் தோப்பும்படி. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை முதலிய ஊர்களிலிருந்து வந்து இங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகும் நம்மவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். பங்குக்காரர்கள்.

பல நாள் தங்கி மீன் பிடித்துத் திரும்பியதும் மீன் ஏலம் போகிறது. வந்த பணத்தில் டீசல், ஐஸ், அரிசி, பலசரக்கு, தரகு எல்லாம் முதலில் கழியும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. விகிதம் படகுக்குப் படகு மாறும். ஆட்கள் பகுதியில் தலைக்கு ஒரு பங்கு. படகோட்டும் ஸ்ராங்குக்குக் கூடுதல். சமையல் பார்க்கும் புதுப் பையனுக்குக் குறையலாம். ஆனால் எவ்வளவு என்பது படகு கிளம்பும் முன்பே அவனுக்குத் தெரியும்! இதுதான் விஷயம். மீனைக் கண்ட பிறகு பேசினால் வெட்டுக்குத்துதான். வீட்டுக் கறிக்கு எடுக்கும் மீனைக்கூட எல்லார் கண் முன்னேதான் எடுப்பார்கள். மறைத்து எடுத்தது ஒரு சூரைக் குட்டியானாலும் திருட்டு என்றே பேர்.

கடல் வெறுங்கை காட்டினால் நஷ்டமும் பொது. இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேரை 2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் கொண்டுபோனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உயிரைப் பணயம் வைப்பவன், பக்கத்தில் நிற்பவன் பங்கில் கை வைக்கமாட்டான் என்ற நம்பிக்கை இல்லாமல் எப்படிக் கடல் ஏறுவான்?

வெளிநாட்டுக்காரர்களும் சுற்றிச் சுற்றி இந்தக் கணக்குக்கே வந்து சேர்ந்தார்கள் என்பது வேடிக்கை. 1999-ல் 'எவர்குவெஸ்ட்' என்ற கணினி விளையாட்டில், பெரும் பூதங்களை ஒன்றுகூடிக் கொல்லும் ஒரு குழுவினர், வேட்டைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் புள்ளி எழுதி வைத்தனர். கிடைத்த பொருளைச் சேர்த்த புள்ளியைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வந்த விளையாட்டுகளில் 'எனக்குத் தேவை', 'சும்மா ஆசை' என்று இரண்டு பொத்தான்கள் வைத்தார்கள். தேவை என்று சொன்னவர்களுக்குள் முதலில் பகடை உருளும். ஒருவருக்கும் தேவையில்லாவிட்டால்தான் ஆசைக்காரர்கள் முறை. ஆசையைத் தேவை என்று பொய் சொல்லி அமுக்கியவனை அடுத்த வேட்டைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். நம் கைபேசி ஆட்டத்தில் அந்தப் பொத்தானும் கிடையாது. வாய்தான் உண்டு.

தோப்பும்படியிலிருந்து படகு கிளம்பிக் கரை மறைந்தால் சிறிது நேரத்தில் சிக்னல் போய்விடும். முந்தின இரவு மருந்துப் பெட்டிக்காகச் சண்டை போட்ட பையன்கள் கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்துவிட்டு வலைக்குப் போகிறார்கள். "அண்ணே, இந்த மூலையை நான் பிடிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் போங்க" என்ற குரல்தான் அங்கே கேட்கும். கணக்கு கரைக்கு வந்த பிறகு.